பின்னால் வந்த பஸ்

பதினெட்டு வயதிலிருந்து இருபத்தொன்று வரை நான் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். முதல் செமஸ்டரில் ஆங்கிலம் கொஞ்சம் இழுத்தது, மற்றபடி அரியர் கிடையாது. ஹாஸ்டல் சாம்பாரை வாயில் வைக்க முடியாது. என் அறையில் தங்கியிருந்த பொள்ளாச்சிப் பெண் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்குத் தேங்காய் பர்பி கொண்டுவருவாள்.

இதெல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். கோயம்புத்தூரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அந்த மூன்று வருஷமும் சதுரங்கப்பட்டினத்தில் அத்தை வீட்டு உள்ளறையில் மல்லாந்து படுத்திருந்தேன்.

அப்பா செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அவருக்கு முந்தியவர்கள் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். காக்கிச் சட்டையும் தோளில் பையும் வாயில் விசிலுமாக நின்ற முதல் ஆள் அவர்தான். அந்த வாய் விசில் ஊதாத நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். டிக்கெட் கிழித்துக் கொடுப்பதற்குள் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் வளைகாப்பு என்று கேட்டுவிடுவார். பதிலுக்குத் தன் வீட்டுச் செய்தியையும் அவிழ்த்துவிடுவார். ப்ளஸ் டூவில் நான் பள்ளியில் இரண்டாவதாக வந்தபோது அன்று முழுக்க டிக்கெட்டோடு ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார். மொதல்ல வந்தது யாரு என்று ஒருவர் குடைந்தாராம். "அத அவங்க அப்பன் பஸ்ல ஏறிக் கேளு" என்றாராம்.

முதுகுவலி பரீட்சைக்கு முன்பே இருந்தது. உட்கார்ந்தே படித்ததால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒத்தடம் கொடுத்தோம், தைலம் தேய்த்தோம். ரிசல்ட் வந்து, கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, கலந்தாய்வுக்கு அழைப்பும் வந்த வாரம், ஒரு காலையில் பாயிலிருந்து எழுந்து நின்றேன், அப்படியே சரிந்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் டிபி என்றார்கள். நுரையீரலில் இல்லை, இருமல் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் பொறுமையாக மூன்று முறை சொன்னார். அப்பா காதில் விழுந்தது அந்த இரண்டு எழுத்து மட்டும்தான். கலந்தாய்வுக்கு என்னை அழைத்திருந்த தேதியில் எனக்கு ஆபரேஷன் நடந்தது.

அப்பா பயந்ததில் ஒரு நியாயம் இருந்தது. அதை இப்போது சொல்ல முடிகிறது, அப்போது சொல்லியிருக்க மாட்டேன். அம்மா ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். குழந்தைகளுக்குச் சமைத்துப் போட்டு, வாய் துடைத்து, தூங்க வைப்பது அவள் வேலை. டிபி வந்த வீட்டு அம்மா கையால் யார் பிள்ளைக்குச் சோறு ஊட்ட விடுவார்கள்? அப்புறம் நான் ஒரே பெண். நாளைக்குக் கல்யாணம் என்று ஒருவர் விசாரிக்க வந்தால் ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் அவர் உட்கார்ந்து யோசித்துப் பொய் சொன்னார் என்றுகூட இல்லை. பஸ்ஸில் யாரோ "பொண்ண எந்தக் காலேஜ்ல சேத்த?" என்று கேட்க, வாயில் கோயம்புத்தூர் வந்துவிட்டது.

ஏன் கோயம்புத்தூர் என்று பிறகு கேட்டேன்.

"நம்ம ரூட்ல அந்த ஊருக்கு எவனும் போவ மாட்டான் பாப்பா" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை நேராக அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷனை இழந்து தனியாக இருந்தாள், பக்கத்தில் ஒரு கேன்டீனில் சமையல் வேலை. காலையில் எனக்கு மாத்திரையும் கஞ்சியும் கொடுத்துவிட்டுப் போனால் மதியம்தான் வருவாள். இரண்டு தெரு தள்ளி டச்சுக்காரன் கோட்டை, அதைத் தாண்டினால் கடல். கோட்டை பார்க்க வருகிறவர்கள் காரைத் திருப்புவதும், பிள்ளைகள் கத்துவதும், அலைச் சத்தமும் நாள் முழுக்கக் கேட்கும். மூன்றாவது வருஷக் கடைசிவரை நான் அந்தக் கடலைப் பார்க்கவில்லை. எனக்கு வாய்த்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதில் எத்தனை ஆணி, எந்த ஆணியைச் சுற்றித் துரு என்று இப்போதும் சொல்வேன்.

எங்கள் ஊரிலிருந்து அங்கே வருகிறவர்கள் குறைவு. ஆனாலும் ஒரு முறை எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அம்மா மீன் வாங்க வந்தவள், அத்தையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தாள். அத்தை உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டாள். இரண்டு மணி நேரம் நான் தும்மாமல் கிடந்தேன். அந்த அம்மா கிளம்பும்போது, "உன் தம்பி பொண்ணு நல்லாப் படிக்குதாமே, கர்த்தர் கூட கீறாரு" என்று சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

கர்த்தரை இழுத்து விட்டதும் அப்பாதான். எங்கள் சபையில் ஜெப விண்ணப்பத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா அதைப் படிப்பார், எல்லோரும் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். மகளின் முதுகெலும்புக்காக என்று எழுத முடியுமா? அப்பா "மகளின் செமஸ்டர் தேர்வுக்காக" என்று எழுதிக் கொடுத்தார். நான் எழுதாத பரீட்சைகளுக்காக எங்கள் சபை மூன்று வருஷம் முழங்கால் போட்டது. எனக்கு அதைக் கேட்டபோது முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு, என் முதுகுக்காக ஒருத்தரும் ஜெபிக்கவில்லையே என்று அழுகை வந்தது.

வாராவாரம் லீவு நாளில் அப்பா வருவார். பஸ்ஸில் ஏறுகிற காலேஜ் பிள்ளைகளிடம் நயமாகப் பேசிப் பேசி எல்லாவற்றையும் கறந்துகொண்டு வருவார். இப்போது எந்த செமஸ்டர், எத்தனை பேப்பர், இன்டர்னல் என்றால் என்ன, லேப் உண்டா கிடையாதா. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே சொல்வார்.

"இந்த மாசம் உனுக்கு இன்டர்னல் பாப்பா. கஷ்டமாத்தான் கீதாம். ஆனா நீ எழுதிருவ."

"எழுதிடுறேன்பா" என்பேன்.

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. மருந்தில் வயிறு புரட்டி, வேர்வையும் மூத்திரமும்கூட அந்த மருந்தின் ஆரஞ்சு நிறத்தில் வடிந்துகொண்டிருந்த நாட்களில், கோயம்புத்தூரில் ஒருத்தி என் பேரில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகு வலிக்கவில்லை. அவள் மேல் எனக்குப் பொறாமை வந்தது பிற்பாடுதான்.

மூன்றாவது வருஷக் கடைசியில் முதுகுக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு கடல்வரை போய் வந்தேன். அந்த நேரத்தில்தான் அப்பா ஒரு காரியம் செய்தார். கோயம்புத்தூர்க் கணக்குப்படி எனக்குப் பட்டம் கிடைத்தாக வேண்டும். பட்டம் வாங்கினால் வீட்டில் போட்டோ மாட்டியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் முதல் பட்டதாரி இருக்கிற எந்த வீட்டில் நுழைந்தாலும் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஒரு படம் கூடத்தில் தொங்கும். அங்கியும் தொப்பியும் ஸ்டுடியோவிலேயே இருக்கும். அப்பா ஆட்டோ வைத்து என்னைச் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். பெல்ட்டுக்கு மேல் அங்கியை மாட்டினார்கள். கையில் பிடிக்கச் சுருள் ஒன்று வேண்டும் என்று, போன மாதக் காலண்டர் தாளைச் சுருட்டிச் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். போட்டோக்காரர் "சிரிங்கம்மா, டிகிரி வாங்கிட்டீங்க" என்றார். நான் சிரித்தேன். அப்பா கேமராவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாகத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவருக்கு அது பொய்யாக இல்லை.

மருந்தை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஊருக்குத் திரும்பினேன். சபையில் எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். ஜெபம் வீண் போகவில்லை என்றார்கள். கூடத்தில் டிவிக்கு மேலே அந்தப் போட்டோ தொங்கியது. நான் அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன், அதற்குக் கீழே உட்கார்ந்து பழைய பாடப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு நாள், "அப்பா, நான் காலேஜ்ல சேரணும்" என்றேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அதான் படிச்சு முடிச்சிட்டியே பாப்பா" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம். நான் நிறுத்துவதற்கு முன்பே அவர் நிறுத்திவிட்டார்.

சேர்த்துவிட்டார், இல்லை என்று சொல்லக் கூடாது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில், பி.ஏ. வரலாறு. ஆனால் ஒரு நிபந்தனை. ஊருக்கு நான் செங்கல்பட்டில் ஒரு ஆபீஸில் வேலைக்குப் போகிறவள். அடையாள அட்டையைக் கல்லூரி வாசலில்தான் கழுத்தில் மாட்ட வேண்டும். முதுகில் மாட்டும் பை கூடாது, கைப்பைதான். முதல் நாள் அப்பா பஸ்ஸிலேயே போனேன். என் ஊர்க்காரர்கள் முன்னால், "வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்று சத்தமாகக் கேட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் மலை கண்ணைவிட்டு மறைகிற வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் கல்லூரிக்குப் போகும் பெண் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று வருஷம் கூரையைப் பார்த்து நினைத்து வைத்திருந்தேன். அதில் இது இல்லை.

வகுப்பில் எல்லோருக்கும் பதினெட்டு. எனக்கு இருபத்திரண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் நாளே அக்காவாகிவிட்டேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது என்பதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வலித்தால் எழுந்து சுவரில் சாய்ந்து நிற்க அனுமதி வாங்கியிருந்தேன். பேராசிரியர் பாதிப் பாடத்தில் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, சந்தேகமா?" என்பார். "முதுகு சார்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். எனக்கு என்ன நோய் வந்தது என்பதை அந்தப் பிள்ளைகளிடம் நான் மறைக்கவில்லை. இந்தப் பூமியில் அந்த ஒரு அறையில்தான் நான் நானாக இருந்தேன்.

இரண்டாவது செமஸ்டரில், உடம்பு முடியாமல் நிறைய நாள் போகாததால் என் வருகைப்பதிவு குறைந்துவிட்டது. பரீட்சை எழுத வேண்டுமானால் மருத்துவச் சான்றோடு அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவிடம் சொன்னேன்.

"அம்மா வருவா" என்றார்.

"நீ ஏம்பா வர மாட்ட?"

"அங்க ஆபீஸ்ல ஒர்த்தரு கீறாரு. தெனம் நம்ம பஸ்லதான் வர்றாரு. உன் கோயம்புத்தூர் கதையெல்லாம் அவரு கிட்டதான் ஜாஸ்தி சொல்லிகீறேன். இன்னா மூஞ்ச வெச்சிகினு அவரு எதிர்ல போயி நிப்பேன்?"

அம்மா வந்து கையெழுத்துப் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மறுநாள் காலையில் அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். மூன்று வருஷம் மல்லாந்து கிடந்து சேர்த்து வைத்த கோபமெல்லாம் அப்போதுதான் எழுந்து நின்றது என்று நினைக்கிறேன்.

"நீ என் சீக்க மறைக்கலப்பா, என்னையே மறைச்ச" என்றேன். சுவரைக் காட்டினேன். "அதோ தொங்கறாளே, அவதான் உன் பொண்ணு. எனக்கும் உனக்கும் ஒண்ணும் இல்ல. இன்னியிலேர்ந்து உன் பஸ்ல ஏற மாட்டேன்."

அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் ஓயாத அந்த மனுஷன் "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று மட்டும் முனகிவிட்டு என்னைத் தொடாமல் ஒதுங்கிப் போனார்.

அன்று முதல் அப்பா பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் பின்னால் வரும் அரசு பஸ்ஸில் போனேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அதுவும் அவரிடமிருந்து வந்ததுதான். அப்பா பஸ் வரும் நேரத்தில் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றுகொள்வேன். அது போன பிறகு சாலையைக் கடப்பேன். அந்த நாட்களில் பஸ் எங்கள் நிறுத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. ஏறுகிறவர்கள் ஏறிவிடுவார்கள், ஆனாலும் நிற்கும். அப்பா பின்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பார். ஆள் சேர்க்கிறார் என்று நினைத்தேன். பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் ஊதுவார்.

வீட்டில் பேச்சு இல்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ கல்லூரிவிட்டு வந்து பார்த்தால் கூடத்தில் போட்டோ இல்லை. ஆணி மட்டும் இருந்தது. என் மேல் உள்ள கோபத்தில் கழற்றிவிட்டார் என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தேன். அம்மாவிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவரையே கேளு" என்றாள். நான் கேட்கவில்லை. தெருவில் இரண்டொருவர் என்னைப் பார்த்து "படிப்பு எப்டி போவுது?" என்று கேட்டார்கள். காலேஜ் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது, குத்திக் காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

இப்படி இருபத்திரண்டு நாள்.

இருபத்து மூன்றாவது நாள் எனக்கு இன்டர்னல் பரீட்சை. செல்போனை அணைத்துப் பையில் வைத்து, பையை வகுப்புக்கு வெளியே வைத்துவிட்டுப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து போனைப் போட்டால், அப்பா பஸ்ஸின் டிரைவரிடமிருந்து பதினொரு அழைப்பு. திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் இரண்டாவது டிரிப் எடுக்கும்போது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல், ஏறியிருந்த ஜனங்களோடு பஸ்ஸையே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரி என் கல்லூரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது, பஸ்ஸும் வந்தது. அந்தத் தடத்தில் தினமும் ஏறுகிற பூக்காரி, ஆபீஸ்காரர்கள், கல்லறுக்கும் ஆட்கள் என்று யார் யாரோ வந்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பூக்காரி என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீதான் ஃபர்ஸ்ட் இயர் பொண்ணா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்து ஒருவர் குனிந்து, "முதுகு இப்ப எப்டிம்மா கீது?" என்றார். கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறார் என்று அப்பா சொன்னாரே, அவர்தான். "ஹிஸ்டரிதானே? எதுனா வேணும்னா என் கிட்ட வாம்மா" என்றார்.

ஆபீஸ் வேலை எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

டிரைவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறையிலிருந்து திரும்பும்போது அவர் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவர் துண்டால் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்.

"உனுக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ ஏறல பாரு, அந்த வாரத்துலேர்ந்தே அண்ணாத்த ஆரமிச்சிட்டாரு. டிக்கெட் கிழிச்சிகினே ஒவ்வொர்த்தரு கிட்டயும் சொல்லுவாரு. 'நான் உங்க கிட்ட சொன்னது பொய்யி. எம் பொண்ணு கோயம்புத்தூரு போவல. முதுகுல டிபி வந்து மூணு வருசம் எங்கக்கா வூட்ல படுத்துகினு இருந்தா. எழுந்து வந்து இப்பதான் ஃபர்ஸ்ட் இயரு சேந்துகீறா'ன்னு. ஒர்த்தன் கேட்டுட்டான், 'இத்தினி நாளு எங்க காதுல பூ சுத்துனியா?'ன்னு. 'ஆமா, சுத்துனேன்'னாரு. சில பேரு சிரிச்சானுங்க. ஒரு நாளு நான்தான் பேஜாராயி, போதும் அண்ணாத்த, விடு, அதான் எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சேன்னேன். 'எம் பொண்ணுக்கு இன்னும் தெரியலடா'ன்னாரு. காலைல உங்க ஸ்டாப்பிங்ல வண்டிய எடுக்க வுட மாட்டாரு. 'ஒரு நிமிசம் நில்லு, அவ ஏறட்டும், அவ காதாலயே கேக்கட்டும்'பாரு. நீ டீக்கடையாண்ட நிக்கிறது எங்க ரெண்டு பேருக்கும் கண்ணாடில தெரியும்மா."

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. விஷயம் வெளியே வந்ததும் இரண்டு வீட்டுக்காரர்கள் நாலு நாள் பிள்ளைகளை அங்கன்வாடிக்கு அனுப்பவில்லை. நர்ஸ் வந்து பேசிய பிறகு அனுப்பினார்கள். அம்மா அதையும் எனக்குச் சொல்லவில்லை. போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்ட அன்று, அவள் கிட்ட நீ வாயத் திறக்கக் கூடாது, நானே சொல்லுவேன் என்று அப்பா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எனக்கு அம்மா மேல் கொஞ்ச நாள் ஆத்திரம் இருந்தது. இருபத்திரண்டு நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைப் பிடித்துத் தள்ளியாவது அந்தப் பஸ்ஸில் ஏற்றியிருக்கலாமே என்று. பிறகு அவளும் அதையே நினைத்து அழுகிறாள் என்று தெரிந்தது. அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். மூன்று வருஷம் அசையாமல் கிடக்கத் தெரிந்தவளுக்கு முப்பதடி நடந்து அந்தப் படியில் ஏறத் தெரியவில்லையா? ஊர் முழுக்கக் கேட்டது. முன்பின் தெரியாத பூக்காரி கேட்டிருக்கிறாள். நான் எதிர்ப்பக்கம் நின்று, பஸ் போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு மறுநாள் கல்லூரிக்குக் கிளம்பினேன். அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். கூடத்தில் வேறு ஆணி இல்லை. டிவிக்கு மேலே இருந்ததிலேயே அம்மா மாட்டியிருந்தாள். காக்கிச் சட்டையில் எடுத்த படம், ஏதோ சொல்ல வாயைத் திறக்கும்போது எடுத்தது. இதைவிட நல்ல படம் இல்லையா என்று யாரோ கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு அவர் எந்தப் படத்தில் இருந்தார்?

அடையாள அட்டையை வீட்டிலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டேன். டீக்கடைப் பக்கம் போகாமல் நேராக நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். அப்பா பஸ் வந்தது. புதுக் கண்டக்டர், எனக்கு முன்பின் தெரியாத ஆள். பின்படியில் ஏறினேன். பூக்காரி தன் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "இங்க வந்து குந்து" என்று இடம் விட்டாள். எங்கே போகணும் என்று கண்டக்டர் என்னைக் கேட்பதற்குள் அவளே, "செங்கல்பட்டு ஒண்ணு குடுப்பா. காலேஜு" என்றாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகரவில்லை. மறுபடியும் ஊதினார். டிரைவர் மாமா ஒரு கையை கியரில் வைத்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் எதிர்ப்பக்கத்து டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நான் ஏறியதைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த அரசு பஸ் ஹார்ன் அடித்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"மாமா, நான் ஏறிட்டேன்" என்றேன். "வண்டிய எடுங்க."